முதல் விடுவிப்பு ஏன் எடுபடவில்லை: ஸ்ட்ராபெரிக் குடில்களில் சிலந்திப்பேன் கட்டுப்பாடு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலித்தீன் கூரை போட்ட மூன்று குடில்கள். இடுப்பு உயரத்தில் வரிசையாக வைத்த நீள்தொட்டிகளில் தேங்காய் நார்க்கழிவு நிரப்பி, சொட்டுநீரில் உரத்தைக் கரைத்து விட்டு ஸ்ட்ராபெரி வளர்க்கிறார்கள். நாற்று சொந்தமாகத் தயாரிப்பதில்லை. வெளியே ஒரு நாற்றங்காலிலிருந்து வாங்கி நடுகிறார்கள். உரிமையாளருக்கு இந்தப் பயிரில் நல்ல பழக்கம் உண்டு. அன்றாட வேலையை ஒரு மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்கிறார். பூச்சி விஷயத்துக்கு மட்டும் ஓர் ஆலோசகர் வந்துபோகிறார்.

முந்தைய பருவங்களில் இவர்களை அதிகம் படுத்தியது டெட்ரானிகஸ் உர்டிகே என்ற இருபுள்ளிச் சிலந்திப்பேன். இது பூச்சி அல்ல, சிலந்தி இனத்தைச் சேர்ந்த எட்டுக்கால் உயிரி. வளர்ந்த பெண்ணே அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். இலையின் அடிப்புறத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேற்புறத்தில் ஊசியால் குத்தியது போல வெளிர்புள்ளிகள் தெரியும். முற்றினால் இலை வெண்கல நிறமாகி, மெல்லிய நூலாம்படை படர்ந்துவிடும். வெயிலும் வறட்சியும் இதற்குக் கொண்டாட்டம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டை முழுப்பேனாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் போதும்.

அபாமெக்டின், பைஃபென்த்ரின் என்ற இரண்டு மருந்துகளை மாற்றி மாற்றி அடித்ததில் ஆரம்பத்தில் பலன் கிடைத்தது, அப்புறம் இல்லை. இந்தப் பேனில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும். அந்த ஆணிடம் ஒரே தொகுதி மரபணுதான் இருப்பதால், மருந்தைத் தாங்கும் குணம் அதனிடம் மறைந்து கிடக்க வழியில்லை. உடனே வெளிப்பட்டு, உடனே தேர்வாகிவிடும். தலைமுறையும் குறுகியது. மருந்துக்கு எதிர்ப்புத் திறன் இவ்வளவு சீக்கிரம் வருவதற்கு இவை முக்கியக் காரணங்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. பழம் பழுக்கத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தாக வேண்டும். மருந்தின் காத்திருப்புக் காலம் (அடித்த பிறகு பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாட்கள்) பெரும்பாலும் அதற்குள் அடங்காது. மகரந்தச் சேர்க்கைக்கு வைத்த தேனீப் பெட்டிகள் வேறு உள்ளே இருக்கின்றன. இதையெல்லாம் வைத்துத்தான் இந்தப் பருவத்தில் இரைவிழுங்கிப் பேன்களை, அதாவது சிலந்திப்பேனைத் தின்னும் வேறு பேன்களைக் குடிலில் விடுவித்து, அவற்றை நம்பி இறங்குவது என்று முடிவானது.

முதல் அறிகுறி, முதல் விடுவிப்பு

நட்ட சில வாரங்களில் நுழைவாயிலை ஒட்டிய வரிசைகளில் வெளிர்புள்ளி தென்பட்டது. அந்த இடம் எப்போதும் கொஞ்சம் சூடாக, புழுதியாக இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தபோது உருண்டையான, கண்ணாடி போன்ற முட்டைகளும் முதுகில் இரு கரும்புள்ளி கொண்ட பெண் பேன்களும் இருந்தன. நடு வயது இலைகளைப் பறித்து எண்ணியதில் பெரும்பாலான இடங்களில் சிற்றிலைக்கு ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை. வாசல் பக்கம் மட்டும் கூடுதல். இரைவிழுங்கியை விடுவிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. சிற்றிலைக்குச் சராசரி 5 என்ற அளவை இளம் பருவத்திலேயே தாண்டிவிட்டால், இரைவிழுங்கி எண்ணிக்கையில் எட்டிப்பிடிப்பதற்குள் பயிர் தளர்ந்துவிடும்.

தேர்ந்தெடுத்தது ஃபைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ். 1958இல் சிலியிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக வந்து சேர்ந்து, அங்கிருந்து உலகமெங்கும் குடில்களுக்குப் பரவிய இனம். ஆரஞ்சுச் சிவப்பு நிறம், பேரிக்காய் வடிவ உடல், நீளக் கால்கள், ஓயாத ஓட்டம். நூலாம்படைக்குள்ளேயே புகுந்து வேட்டையாடும். 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இரையைவிட வேகமாகப் பெருகும். சிலந்திப்பேன் இனத்தைத் தவிர வேறெதையும் தின்று வாழாது என்பது அதன் பலமும் பலவீனமும்.

வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளில் கலந்து புட்டியில் வந்ததை, புட்டியை மெல்ல உருட்டிக்கொண்டே மூன்று குடில்களிலும் எல்லா வரிசையிலும் சமமாகத் தூவினார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் சிலந்திப்பேன் பெருகியிருந்தது. இரைவிழுங்கி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மேற்பார்வையாளர் அப்போதே சொல்லிவிட்டார்: “இதுக்கு மருந்தே தேவலாம் சார்.”

காரணத்தைத் தேடியது

இந்த ஆய்வில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடிய பகுதி இதுதான் என்பது என் எண்ணம். இரைவிழுங்கி எடுபடாதபோது பெரும்பாலான பண்ணைகளில் நடப்பது இரண்டில் ஒன்று: விற்றவரைத் திட்டிவிட்டு மருந்துக்குத் திரும்புவது, அல்லது இரண்டு மடங்கு வாங்கி மறுபடி தூவுவது. இங்கே இரண்டையும் செய்யாமல் மூன்று சந்தேகங்களைத் தனித்தனியாகச் சோதித்தார்கள்.

முதல் சந்தேகம், வந்த சரக்கு உயிரோடு இருந்ததா என்பது. முதல் புட்டிகளைத் திறந்தபோது யாரும் பார்க்கவில்லை. சோதனைக்காக ஒரே ஒரு புட்டி வரவழைத்து, அறை வெப்பத்துக்கு வந்ததும் கொஞ்சத்தை வெள்ளைத்தாளில் கொட்டிப் பார்த்தார்கள். செந்நிறப் புள்ளிகள் நாலா பக்கமும் ஓடின. சரக்கு நன்றாகவே இருந்தது. முதல் தடவை வந்ததும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகத்தின் எடை குறைந்தது.

இரண்டாவது, காற்றின் ஈரப்பதம். பெர்சிமிலிஸ் முட்டை பொரிய ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதற்குக் கீழே போனால் முட்டை சுருங்கிப் போகும். வாசல் பக்கம் நண்பகலில் அந்த அளவுக்கு வெகுவாகக் கீழே இருந்தது. நடு வரிசைகளில் இலைக் கூட்டத்துக்குள் கருவியை வைத்துப் பார்த்தால் நிலைமை பரவாயில்லை. வாசலில் எடுபடாததற்கு ஈரப்பதக் குறைவு காரணமாக இருக்கலாம். மூன்று குடில்களிலும் ஒரேயடியாக இல்லாமல் போனதற்கு அது போதாது.

மூன்றாவது, இலையில் தங்கிய மருந்து. பண்ணையின் பதிவேட்டில் நட்ட பிறகு எதுவும் அடித்ததாக இல்லை. ஆலோசகர் நாற்றங்காலுக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னார். நாற்றை அனுப்புவதற்குச் சற்று முன்பு பைரித்ராய்டு வகை மருந்து ஒன்று அடித்திருந்தார்கள் (முன்பு அடித்த பைஃபென்த்ரினும் இந்த வகைதான்). இந்த வகையின் எச்சம் இரைவிழுங்கிப் பேன்களுக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் 8 முதல் 12 வாரம் வரை நஞ்சாக நிற்கும். சிலந்திப்பேனோ அதற்கு எப்போதோ பழகிவிட்டது.

கேள்விப்பட்டதோடு விடாமல் ஒரு சின்னப் பரிசோதனையும் செய்தார்கள். மூன்று தட்டுகளில் ஈரப்பஞ்சு பரப்பி, ஒன்றில் நாற்றோடு வந்த பழைய ஸ்ட்ராபெரி இலை, ஒன்றில் நட்ட பிறகு விட்ட புதிய இலை, ஒன்றில் மருந்தே படாத அவரை இலை. மூன்றிலும் அவரைச் செடியில் வளர்த்த சிலந்திப்பேனை இரையாக விட்டு, பெர்சிமிலிஸை மயிர்த்தூரிகையால் எடுத்து வைத்தார்கள். மறுநாள் அவரை இலையில் அவை ஓடிக்கொண்டிருந்தன. நரம்போரம் நீள்வட்ட முட்டைகளும் இருந்தன. சிலந்திப்பேன் முட்டையைப் போல இரு மடங்கு, லேசான செம்மை. புதிய ஸ்ட்ராபெரி இலையிலும் ஏறக்குறைய அதே காட்சி. பழைய இலையில் பாதிக்கு மேல் பஞ்சில் விழுந்து கிடந்தன. மீதி கால்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தன.

பைரித்ராய்டு செடிக்குள் ஊடுருவிப் பரவாது, பட்ட இடத்திலேயே நிற்கும். புதிய இலை பாதுகாப்பாக இருந்ததற்குக் காரணம் அதுவே. அடுத்த முடிவுக்கு வழி காட்டியதும் அந்தத் தட்டுதான்.

இரண்டாம் முயற்சி: எடுத்த முடிவுகள்

எச்சம் குறையும் வரை சும்மா காத்திருந்தால் சிலந்திப்பேன் பயிரை எடுத்துக்கொள்ளும். எனவே பழைய இலைகளைக் கழிப்பது என்று முடிவானது. எல்லாவற்றையும் அல்ல, நாற்றோடு வந்த, கீழ்வரிசை முதிர்ந்த இலைகளை மட்டும். மொட்டையடித்தால் செடி பழத்துக்கு உணவு சேர்க்க முடியாது என்று உரிமையாளர் தயங்கியது நியாயம். ஒவ்வொரு செடியிலும் விரிந்த புதிய இலைகள் போதுமான அளவு இருந்த பிறகே கழித்தார்கள். சிலந்திப்பேனின் பெரும்பகுதி அந்த முதிர்ந்த இலைகளின் அடியில்தான் இருந்தது என்பதால், கழித்ததிலேயே தொகை கணிசமாக இறங்கியது. இலைகளைத் திறந்த கூடையில் வரிசை வரிசையாக இழுத்துக்கொண்டு போகாமல், அங்கேயே பையில் கட்டி வெளியேற்றினார்கள்.

வாசல் பக்கத்தில் எண்ணிக்கை அப்போதும் அதிகம். அங்கே மட்டும் பைஃபெனசேட் ஒருமுறை அடித்தார்கள். இரைவிழுங்கிப் பேன்களை அதிகம் பாதிக்காத சிலந்திப்பேன் கொல்லிகளில் அதுவும் ஒன்று. மேற்பார்வையாளர் கேட்டது எடாக்சசோல். அது வளர்ச்சியைத் தடுக்கும் வகை. பெரியவற்றை உடனே கொல்லாததால் பாதுகாப்பானது போலத் தோன்றும், ஆனால் பெர்சிமிலிஸின் இனப்பெருக்கத்தையே கெடுத்துவிடும். ‘உயிரியல் கட்டுப்பாட்டுக்கு ஏற்றது’ என்று பொதுவாகச் சொல்லப்படும் மருந்துகளை, எந்த இரைவிழுங்கிக்கு ஏற்றது என்று கேட்காமல் வாங்குவது வீண்.

விடுவிப்பும் மாறியது. பெர்சிமிலிஸை எல்லா இடத்திலும் சமமாகத் தூவாமல், எண்ணும்போதே துணி கட்டி அடையாளம் வைத்த செடிகளிலும் அவற்றைச் சுற்றியும் அடர்த்தியாக விட்டார்கள். வெயில் தணிந்த மாலையில், இலைக் கூட்டத்துக்குள். வாசல் பக்கத்துக்கு நியோசியுலஸ் கலிஃபோர்னிகஸ். இது மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும். இரை குறைந்தால் மகரந்தத்தையும் மற்றச் சிறு பேன்களையும் தின்று காத்திருக்கும். நண்பகலில் நடைபாதையை நனைத்து ஈரப்பதத்தைத் தூக்கினார்கள். செடி மேல் பனித்தூறல் விடும் யோசனையைக் கைவிட்டார்கள். பழம் நனைந்தால் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும்.

அதன்பின் வாராவாரம் எண்ணியது சிலந்திப்பேனை மட்டுமல்ல. எத்தனை சிற்றிலைகளில் இரைவிழுங்கியோ அதன் முட்டையோ இருக்கிறது என்பதற்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் போட்டார்கள். முதல் இரண்டு வாரம் சிலந்திப்பேன் எண்ணிக்கை சற்று ஏறவே செய்தது. ஆனால் இரைவிழுங்கி இருந்த இலைகளின் பங்கு அதைவிட வேகமாக ஏறியது. சிலந்திப்பேன் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இந்த இடத்திலும் மருந்தடித்திருப்பார்கள். பிறகு அடையாளம் வைத்த செடிகளில் காலி முட்டை ஓடுகளும் உலர்ந்த தோல்களும் மட்டும் மிஞ்சின.

பூக்கும் காலம்: இலைப்பேன்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பூ திறந்ததும் மேற்கத்தியப் பூ இலைப்பேன் வந்தது. பெயரில் பேன் இருந்தாலும் இது த்ரிப்ஸ் எனப்படும் நுண்ணிய பூச்சி. பூவை வெள்ளைத்தட்டில் தட்டினால் மெல்லிய மஞ்சள் கீற்றுகளாக விழும். பிஞ்சைச் சுரண்டி உறிஞ்சுவதால் பழத்தில் விதைகளைச் சுற்றி மங்கிய பழுப்பு படியும்.

பூ வருமுன்பே நியோசியுலஸ் குக்குமெரிஸ் பைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பைக்குள் தவிடும், அதைத் தின்னும் சிறு பேன்களும், அவற்றைத் தின்று பெருகும் குக்குமெரிஸும் இருக்கும். சில வாரங்களுக்குத் தொடர்ந்து வெளியே வரும். இது இலைப்பேனின் முதல் பருவக் குஞ்சுகளைத்தான் முக்கியமாகத் தின்னும், வளர்ந்ததைத் தொடாது. வெளியிலிருந்து பறந்து வந்து குவிந்த இலைப்பேனுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. ஓரியஸ் என்ற நாவாய்ப்பூச்சியைச் சேர்த்த பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது. வளர்ந்த இலைப்பேனையும் ஊசிவாயால் குத்தி உறிஞ்சிவிடும் அது. நிலைகொள்ள வாரங்கள் எடுக்கும். அது வரைக்கும் பறித்ததில் ஒரு பகுதி பழுப்பேறிய பழமாகத் தரம் இறங்கியது. நேரடி வெயில் பட்ட சில பைகள் உள்ளே காய்ந்துபோயிருந்ததும் பின்னர் தெரிந்தது. இலை நிழலில் தொங்கியவை நன்றாக வேலை செய்தன.

அசுவினி: தவறான குளவி

சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வெளியேற்றும் ஒட்டும் தேன்கழிவு இலைகளில் தென்பட்டதும் அஃபிடியஸ் கோல்மானி என்ற ஒட்டுண்ணிக் குளவியை வாங்கி விட்டார்கள். அசுவினிக்குக் கேட்டால் முதலில் கைக்கு வருவது இதுதான். இரண்டு வாரம் போயும் குளவியின் புழு உள்ளே வளர்ந்து உப்பிப்போன ‘மம்மி’ அசுவினி ஒன்றும் இல்லை. லென்ஸில் பார்த்தால் பெரிய உடம்பு, நீளக் கால்கள், பின்புறம் நீண்ட குழல்கள், சில பச்சை, சில இளஞ்சிவப்பு: உருளைக்கிழங்கு அசுவினி. கோல்மானி பருத்தி அசுவினி போன்ற சிறியவற்றுக்கானது. இதற்கு அஃபிடியஸ் எர்வி வேண்டும். மாற்றிய பிறகு வைக்கோல் நிற மம்மிகள் தெரியத் தொடங்கின. மம்மியின் பின்புறம் விளிம்பு சீராக வட்டத் துளை இருந்தால் நம் குளவி வெளியே வந்திருக்கிறது என்று பொருள். துளை ஓரம் பிய்ந்து ஒழுங்கற்று இருந்தால், நம் குளவிக்கே ஒட்டுண்ணியான வேறொரு குளவி புகுந்திருக்கிறது. பருவக் கடைசியில் இரண்டாவது வகைத் துளைகள் கூடின. அதற்குள் அசுவினி பெரிதாக இல்லை.

மீண்டும் மருந்து வேண்டுமா?

அறுவடை உச்சத்தில், பக்கத்துக் களைநிலத்தை வெட்டிய சில நாட்களில், லைகஸ் வகை நாவாய்ப்பூச்சி குடிலுக்குள் வந்தது. பழங்கள் கோணலாகின. மகரந்தச் சேர்க்கைக் குறைவாலும் பழம் கோணும் என்பதால் முதலில் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். கோணிய பகுதியில் விதைகள் சிறுத்து வளராமல் இருந்தால் மகரந்தச் சேர்க்கைக் குறைவு. முழு அளவில் இருந்தால் பூச்சி. இங்கே முழு அளவில் இருந்தன.

குடிலில் விட்ட எதுவும் லைகஸைப் பிடித்து நிறுத்தாது. பைரித்ராய்டு அடித்தால் அது போகும். கூடவே பெர்சிமிலிஸ், கலிஃபோர்னிகஸ், ஓரியஸ், எர்வி எல்லாம் போகும். அப்புறம் எதிரியற்ற சிலந்திப்பேன் திரும்ப வரும். உரிமையாளரும் ஆலோசகரும் நீண்ட நேரம் பேசினார்கள். முழுக் குடிலுக்கும் மருந்தில்லை என்று முடிவானது. கையில் பிடிக்கும் உறிஞ்சு இயந்திரத்தை ஓர வரிசைகளில் காலையில் ஓட்டினார்கள். கோணிய பழங்களின் இழப்பை ஏற்றுக்கொண்டார்கள். எளிதான முடிவு அல்ல அது. ஓர வரிசைகளில் இழப்பு கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது. லைகஸ் இன்னும் அதிகமாக வந்திருந்தால் இந்த முடிவு சரிப்பட்டிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

விளைவு

இரண்டாம் முயற்சிக்குப் பிறகு சிலந்திப்பேனுக்காக எந்தக் குடிலிலும் மருந்தடிக்க வேண்டியிருக்கவில்லை, வாசல் பக்கத்து இரண்டு வரிசைகளைத் தவிர. அங்கே கடைசி வரை இழுபறிதான். நடுக்குடிலில் இரை தீர்ந்து பெர்சிமிலிஸ் மறைந்த பிறகு ஒரு மூலையில் சிலந்திப்பேன் மறுபடி தலைதூக்கியது. அடையாளத் துணி இருந்ததால் உடனே தெரிந்து, ஒரு புட்டியில் முடிந்தது. அசுவினி அடங்கியது. இலைப்பேன் பாதி வெற்றி. லைகஸுக்கு இந்த முறையில் விடை கிடைக்கவில்லை.

சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடிப்பதைப் பாதியில் நிறுத்திப் பொட்டாசியம் பைகார்பனேட்டுக்கு மாறினார்கள். கந்தகம் இரைவிழுங்கிப் பேன்களைத் தளர்த்தக்கூடியது. ஆனால் இந்தப் பண்ணையில் அந்த மாற்றம் தனியாக எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, ஏனென்றால் அதே வாரத்தில் விடுவிப்பும் நடந்தது.

அடுத்த பருவத்தில் மாற்றுவது

நாற்றுக்குச் சொல்லும்போதே கடைசி மூன்று மாதத் தெளிப்புப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குவது. பைரித்ராய்டு இருந்தால் நாற்றை மறுப்பது, முடியாவிட்டால் பழைய இலை கழிக்கும் நாளை முன்கூட்டியே குறிப்பது. நாற்று வந்ததும் தட்டுச் சோதனை. கலிஃபோர்னிகஸை முதலிலேயே எல்லாக் குடிலிலும் குறைந்த அளவில் விட்டு, பெர்சிமிலிஸைச் சிலந்திப்பேன் கொத்துக் கொத்தாகத் தெரியும் இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது.

ஓரியஸை முதல் பூக்களோடு விடுவது, இலைப்பேன் கண்ணில் படும் வரை காத்திருக்காமல். அது குடிலில் தங்குவதற்கு மகரந்தம் வேண்டும் என்பதால் வரிசை முனைகளில் அலிசம் என்ற சிறு பூச்செடி நடுகிறார்கள். எந்த அசுவினி என்று தெரியாமல் குளவி வாங்குவதில்லை.

களைநிலத்தைப் பயிர் பூக்குமுன்பே வெட்டி முடிப்பது, பூத்த பிறகு அதைத் தொடாமல் விடுவது. வாசல் பக்கத்து இரண்டு வரிசைகளைப் பற்றி மட்டும் இன்னும் முடிவாகவில்லை: உரிமையாளர் வாசலில் இரட்டைத் தடுப்பு போட்டு நடைபாதைப் புழுதியைக் குறைக்க நினைக்கிறார், மேற்பார்வையாளர் அந்த வரிசைகளில் ஸ்ட்ராபெரியே வேண்டாம் என்கிறார்.